திருகாணியைத் துறந்த இணைப்பான்

மைசூரு நாட்டில் மின்சாரம் நெடுந்தொலைவு பயணம் செய்யத் தொடங்கியது 1902ஆம் ஆண்டில். காவிரியின் சிவனசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. இன்று மைசூரு விஜயநகரில் எழும் புதிய வீடுகளில், மின்சாரம் தன் பயணத்தின் கடைசிச் சில மீட்டர்களைச் சுவருக்குள் கடக்கிறது. அங்கே நாம் அஞ்ச வேண்டியது கம்பியை அன்று. கம்பியும் கம்பியும் சேரும் மூட்டையே.

மூட்டு தளர்ந்தால் மின்தடை கூடும். தடை கூடினால் வெப்பம் பிறக்கும். 230 வோல்ட்டில் இயங்கும் 3,000 வாட் கீசர் ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. வழியிலுள்ள தளர்ந்த மூட்டின் தடை 0.1 ஓம் என்றாலே, பட்டாணி அளவான அவ்விடத்தில் சுமார் 17 வாட் வெப்பம் தோன்றும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடியதற்கு இது ஒப்பாகும். மின்னோட்டம் வழக்கமான அளவிலேயே இருப்பதால், எம்.சி.பி. இதனை உணர்ந்து துண்டிப்பதும் இல்லை.

இந்தச் சிறு மூட்டையே தன் தொழிலாகக் கொண்டது ஜெர்மனியின் மிண்டன் நகரில் 1951இல் தொடங்கப்பட்ட வாகோ நிறுவனம். வாக்னர், ஓல்பிரிக்ட் என்னும் இருவரின் பெயர்களிலிருந்து அதன் பெயர் அமைந்தது. திருகாணியின் இறுக்கம் முடுக்குபவரின் கையைப் பொறுத்தது. அதிர்வினாலும், வெப்பத்தில் விரிந்து குளிர்ச்சியில் சுருங்குவதாலும் அந்த இறுக்கம் நாளடைவில் குறையக்கூடும். ஆகவே திருகாணிக்கு மாற்றாக ஸ்பிரிங்கை அந்நிறுவனம் தேர்ந்தது. கம்பி சற்றே அசைந்தாலும் ஸ்பிரிங் தொடர்ந்து அழுத்திப் பிடிக்கும்.

எனினும் கம்பிகள் எல்லாம் ஒரே வகையல்ல. ஒற்றைக் கம்பி விறைப்பானது. செருகினால் உள்ளே செல்லும். பல நுண்ணிழைகளாலான கம்பியோ வளைந்து பிரியும். இருவகைக்கும் பொருந்தும் கூண்டு வடிவ ஸ்பிரிங் பிடிப்பானை 1977இல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பின்னர் வந்த நெம்புகோல் வகையில் கருவியே தேவையில்லை. விரலால் தூக்கி, கம்பியைச் செருகி, மீண்டும் அழுத்தினால் போதும். கைத்திறனை மட்டுமே நம்பியிருந்த உறுதியைப் பொருளின் அமைப்பிற்குள் கொண்டுவந்ததே இவ்வரலாற்றின் சாரம்.

கடன் பெற்று வீடு கட்டும் வாடிக்கையாளர்கள் பலர் டைல்ஸையும் வண்ணப்பூச்சையும் தாமே நேரில் தேர்ந்தெடுக்கிறார்கள்; சுவருக்குள் மறையும் மூட்டுகளையோ எவரும் கேட்பதில்லை. பூச்சு வேலைக்கு முன் மின்பணியாளரிடம் மூன்றைக் கேட்போம். கம்பிகளை முறுக்கி டேப் மட்டும் சுற்றிய மூட்டு எங்கேனும் உண்டா? எல்லா மூட்டுகளும் திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பெட்டிக்குள் உள்ளனவா? பயன்படுத்தும் இணைப்பான் கம்பியின் பருமனுக்கும் மின்னோட்டத்திற்கும் ஏற்றதா? பழைய வீடாயின், தகுதிபெற்ற பணியாளரைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்தித் திருகாணிகளைச் சோதிக்கச் செய்வோம். சூடேறும் சுவிட்சும், நிறம் மாறிய பிளக்கும் முன்னெச்சரிக்கைகளே. அவற்றைக் கண்ட அன்றே கவனிப்போம்.