கேண்டிட் திருமண ஒளிப்படம்

திருமணத்தில் குறுக்கிடாமல், யாரையும் நிற்கவைக்காமல், நடப்பதை நடந்தபடியே படமெடுக்கும் முறை கேண்டிட் திருமண ஒளிப்படம் எனப்படுகிறது. ஆவணப் பாணி என்றும் கூறுவர். பத்திரிகைச் செய்திப் படங்களிலிருந்து மணப்பந்தலுக்கு வந்த முறை இது.

தோற்றம்

தொடக்கக் காலக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் படம் பதிய வேண்டியிருந்தது. எதிரே இருப்பவர் அசையக் கூடாது. எனவே மணமக்கள் ஸ்டூடியோவுக்குச் சென்று, வரையப்பட்ட திரையின் முன் விறைப்பாக நின்றனர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் தமிழகத்தின் இத்தகைய பழைய ஸ்டூடியோ படங்களைத் திரட்டிக் கணினியில் பாதுகாத்துள்ளது.

1925இல் அறிமுகமான லைக்கா, கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய கேமரா. இதைக் கொண்டு, ஒரு நிகழ்வின் சாரம் வெளிப்படும் கணத்தில் படமெடுப்பதைக் கலையாக வளர்த்தவர் பிரான்சின் ஆன்றி கார்த்தியே பிரெசோன் (1908–2004). ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தார். அமெரிக்கத் திருமணங்களில் இம்முறையைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் டெனிஸ் ரெஜி. 1996இல் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தம் மணமகளின் கையில் முத்தமிடும் படம் அவர் எடுத்ததே.

தமிழ்நாட்டில் இது தாமதமாக வந்ததற்குப் பிலிம் செலவு ஒரு காரணம். 120 ரக ரோலில் சதுரப் படங்கள் 12தான், 35 மி.மீ. ரோலில் 36. வீணாக்க மனம் வராது. மேடையில் வரிசையாக நிற்கவைத்து எடுப்பதே சிக்கனம். டிஜிட்டல் கேமரா வந்தபின் அந்தக் கணக்கு மாறியது.

எவற்றை எடுப்பது

அரியலூர் மாவட்டம் தா.பழூர் போன்ற ஊர்களில் ஒரு திருமணம் மேடையில் மட்டும் நடப்பதில்லை. பந்தக்கால் நடுவது, தாய்மாமன் சீர் வருவது, சமையற்கட்டில் விடிய விடிய நடக்கும் வேலை, பந்தியில் இலை போடும் இளைஞர்கள், நாதசுரக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளி எல்லாம் திருமணமே. கணவரை இழந்த தாய் சில குடும்பங்களில் தாலி கட்டும்போது மேடையேறுவதில்லை. தூண் ஓரமாக நின்று பார்ப்பார். மேடைப் படத்தில் அவர் இருக்கமாட்டார். அவரைத் தேடிச் செல்வதில்தான் இம்முறையின் மதிப்பு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பாட்டி இறந்தபின் சுவரில் மாட்டப் படம் தேடும் வீடுகளில், பெரும்பாலும் ஏதோ ஒரு திருமண ஆல்பத்திலிருந்தே முகத்தைப் பிரித்தெடுத்துப் பெரிதாக்குகிறார்கள். அங்கே அவர் கேமராவைப் பார்த்து மிரண்டு நிற்கிறாரா, பேத்தியுடன் பேசிச் சிரிக்கிறாரா என்பது அந்த வீட்டுக்குச் சிறிய விஷயமல்ல.

மேடைப் படங்களைக் கைவிடவும் முடியாது. ஆல்பத்தில் தம் படம் இல்லையென்று மனத்தாங்கல் கொள்ளும் உறவினர் எங்கும் உண்டு. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி ஆள் வைப்பது வழக்கமாகிவருகிறது. “சற்றுத் திரும்பிச் சிரியுங்கள்” என்று சொல்லி எடுத்துக் கேண்டிட் என்று பெயரிடுவது வேறு. அது மேடைப் படத்தின் இன்னொரு வடிவமே.

எடுக்கும் முறை

கடினமான கணம் தாலி கட்டுவது. மணமகன் முதல் முடிச்சிட, மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுவது பரவலான வழக்கம். சில நொடிகளில் முடிந்துவிடும். கெட்டிமேளத்துடன் அட்சதை பறக்கும். உறவினர் முன்னே நெருங்குவர். மீண்டும் ஒருமுறை கட்டச் சொல்ல முடியாது. எனவே ஒளிப்படக்காரர் முன்னதாகவே இடம்பிடித்து, கேமரா அமைப்பைச் சரிபார்த்திருக்க வேண்டும். அசைவு மங்காதிருக்க ஷட்டர் வேகம் நொடியில் 125இல் ஒரு பங்கு அல்லது அதைவிட விரைவாக இருப்பது நல்லது. ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும்; ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழக்கூடும். அத்தகைய மண்டபத்தில் நொடியில் 100இல் ஒரு பங்கு பாதுகாப்பானது. ஃபிளாஷ் அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அகன்ற துளையுள்ள 35, 50, 85 மி.மீ. லென்ஸ்கள் ஃபிளாஷ் தேவையைக் குறைக்கும்.

நாகரிகமும் உரிமையும்

சொல்லாமல் எடுப்பதால் பொறுப்பு கூடுகிறது. மணப்பெண் அறைக்குள் அனுமதியின்றிச் செல்லக் கூடாது. வாயில் உணவுடன் இருப்பவரை எடுக்க வேண்டாம். மொய் எழுதும் மேசை அழகான காட்சிதான். நோட்டிலுள்ள பெயரும் தொகையும் தெளிவாக விழுந்தால் குடும்பத்தில் சண்டைக்கு அதுவே போதும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அப்படிக் கேட்டவரே. ஒளிப்படக்காரர் அதைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்த விரும்பினால் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.