கல்லூரியைப் பார்க்கப் போனவர்கள் மனம் வாடித் திரும்புவது ஏன்?



கடந்த ஆண்டு பிளஸ் டூ முடிவு வந்த அடுத்த வாரம், நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் தம் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கலைக் கல்லூரியைப் பார்க்கப் போனார். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேராக நமது அலுவலகத்துக்கு வந்து, கல்வி உதவிக்குக் கொடுத்திருந்த மனுவைத் திருப்பிக் கேட்டார். "பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் பாய்" என்றார். வாசலில் காவலாளி முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்திருக்கிறார். உள்ளே விவரம் சொல்ல ஆள் இல்லை. வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. வேதியியல்தான் படிப்பேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, அத்தாவுக்குப் பின்னால் ஒன்றும் பேசாமல் நின்றது.

அதே வாரம் இன்னொரு குடும்பம் மகிழ்ச்சியோடு திரும்பியது. அவர்கள் போனது ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. கார் அனுப்பியிருக்கிறார்கள். ஏசி அரங்கத்தில் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டி, மதியம் பிரியாணியும் போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு எழுந்ததும் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

இரண்டு குடும்பமும் கல்லூரியைப் பார்க்கவில்லை என்பதே எங்கள் கருத்து. மே மாதம் கல்லூரிக்கு விடுமுறைக் காலம். பருவத் தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஆசிரியர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். நாமோ மதிப்பெண் கையில் வந்த பிறகுதான், கத்திரி வெயிலில், ஒரே நாளில் மூன்று கல்லூரி பார்க்கக் கிளம்புகிறோம். அப்போது நம் கண்ணில் படுவது காலிக் கட்டடம், இல்லாவிட்டால் சேர்க்கைக்காக ஜோடித்து வைத்த அரங்கம்.

வெயில் என்று சொன்னதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யூரி சைமன்சன் என்ற ஆய்வாளர், படிப்பில் கண்டிப்புக்குப் பேர்போன ஓர் அமெரிக்கக் கல்லூரியைப் பார்க்க வந்த 1,284 மாணவர்களின் விவரத்தை எடுத்து, அவர்கள் வந்த நாளில் வானம் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டார். மேகமூட்டமான நாளில் வந்தவர்களே அதிகமாக அங்கே சேர்ந்திருந்தார்கள். 2010-இல் வெளியான ஆய்வு இது. மேகம் போடுவதற்கும் பாடம் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம்? இருந்தும் மனசு அப்படித்தான் முடிவெடுக்கிறது. கரிசல் காட்டு மே மாத வெயிலில் முக்கால் மணி நேரம் நின்ற தகப்பனார் என்ன முடிவெடுப்பார் என்பதற்கு ஆய்வே தேவையில்லை.

கட்டடத்தைவிட முக்கியம், பாடம் நடத்த ஆள் இருக்கிறார்களா என்பது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றது. முறைகேடு நடந்திருப்பதை அண்ணா பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரும் ஒப்புக்கொண்டார். கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் நூலகத்தைக் காட்டுவார்கள், நீச்சல் குளம் இருந்தால் அதையும் காட்டுவார்கள். இந்தத் துறையில் எத்தனை ஆசிரியர்கள், அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறோம். கட்டணம் கட்டப்போவது நாம்.

எனவே, பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே போய்ப் பாருங்கள். பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை விடும் நாட்களில் பெரும்பாலும் கல்லூரிகள் நடந்துகொண்டிருக்கும். அதுதான் நல்ல சமயம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் பெற்றோர் போவதில்லை, வீட்டில் வேண்டாம் என்று சொல்வது பெரும்பாலும் பெற்றோர்தானே.

கார் எடுக்க வேண்டாம். பிள்ளை தினமும் எந்த பஸ்ஸில் போகப் போகிறதோ அதே பஸ்ஸில், அதே நேரத்தில் போங்கள். கோவில்பட்டியோ தூத்துக்குடியோ, வகுப்பு முடிந்து வெளியே வந்தால் விளாத்திகுளத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் கிடைக்கிறது என்று நின்று பாருங்கள். ஆய்வகம் நன்றாக இருந்து, பஸ் கிடைக்காமல் முதலாண்டிலேயே நின்றுவிட்ட பெண் பிள்ளைகளை நாங்கள் அறிவோம். விடுதி என்றால் உம்மாவோ அம்மாவோ, பெண்கள் ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். குளியலறைத் தாழ்ப்பாள், தண்ணீர், ஒளு செய்ய வசதி, சாப்பாடு, இதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத்தான் படும். முக்காடு பற்றியும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண் பிள்ளைகளை விடுவார்களா என்பது பற்றியும் சேருவதற்கு முன்பே கேட்டுவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இல்லை.

கடைசி வருட மாணவர்கள் இரண்டு பேரைக் கேண்டீன் பக்கம் பிடித்துப் பேசுங்கள். "எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை?" என்று மட்டும் கேட்டால் போதும். மீதியை அவர்களே சொல்வார்கள்.

வாசலில் தொங்கும் நாக் தரச்சான்று பேனரைப் பார்த்தால், எந்த ஆண்டு வாங்கியது என்று பாருங்கள், அது சில ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதுவே எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் தர லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. பொறியியல் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. அதைப் பார்ப்பது நல்லது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் எடுத்துத் தாங்களே திருத்துகின்றன என்பதால், அவற்றின் விகிதத்தை மற்றக் கல்லூரிகளோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

2017 வரை பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 2018-இலிருந்து எல்லாம் ஆன்லைன். அலைச்சல் குறைந்தது உண்மைதான். ஆனால் இப்போது பல வீடுகளில் கல்லூரிப் பட்டியலைப் போடுவது பிரவுசிங் சென்டர் தம்பிதான். அவரும் அந்தக் கல்லூரிகளைப் பார்த்தவரல்ல.

போன இடத்தில் அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு. சேர்ந்துவிட்டு விலகினால், எத்தனை நாளுக்குள் விலகுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் அதில் விதி உண்டு. ரசீது இல்லாமல் கொடுத்த முன்பணத்துக்கு எந்த விதியும் உதவாது. பிரியாணி சாப்பிட்டு வந்த குடும்பத்துக்கு அந்தப் பத்தாயிரம் இன்றுவரை வரவில்லை. பையன் வேறு கல்லூரியில் படிக்கிறான்.

அந்தச் சகோதரரின் மனுவை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. கல்லூரி திறந்த பிறகு பிள்ளையையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு, காலைப் பஸ்ஸில் மறுபடி போனோம். இந்த முறை துறைத்தலைவர் இருந்தார். பிள்ளையை ஆய்வகத்துக்குள் கூட்டிப்போய் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அத்தா வெளியே வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவள் இரண்டாமாண்டு, அல்ஹம்துலில்லாஹ்.

கழிப்பறையில் இன்னும் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லையாம். முதல்வருக்குக் கொடுக்க ஒரு மனு தயாராகி நமது அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர்கள் அஸருக்குப் பிறகு வந்து கையெழுத்திடும்படி கேட்டுக்கொள்கிறோம்.