மோட்டாருக்குப் பின்னே ஒரு கூண்டு வண்டி

மேற்கு அமெரிக்கக் கதைகளைக் காட்டும் ஆங்கிலப் படங்களைப் பார்க்காத மாணவர் நம்மிடையே இலர் எனலாம். பரந்த புல்வெளி, அதில் வரிசையாக ஊர்ந்து செல்லும் வெள்ளைக் கூண்டு வண்டிகள், மாலையில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, நடுவே தீ மூட்டி உண்ணும் மக்கள். இக்காட்சியைக் கண்டவர்க்கு, ‘நமக்கும் இப்படி ஒரு வண்டி இருந்தால்!’ என்ற ஆசை ஒரு கணமேனும் எழாமற் போகாது. விடுதியில் எங்கள் மூவருக்கு அந்த ஆசை எழுந்தது. சிறிய கார் ஒன்றின் பின்னே கட்டி இழுக்கத்தக்கதாய், இருவர் படுத்துறங்க இடமுள்ளதாய், பார்வைக்கு அப்பழைய வண்டி போன்றதாய் ஒரு சிறு வீட்டு வண்டியை நம் கையாலேயே செய்ய முடியுமா? இக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் கற்றவற்றை நண்பர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இது வெறும் விளையாட்டு முயற்சியன்று என்பதற்கு நம்மவரிடத்திலேயே சான்று உண்டு. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அருண் பிரபு என்னும் இளம் கட்டடக் கலைஞர், மாணவராய் இருந்த காலத்தில் சென்னை, மும்பை நகரங்களின் குடிசைப் பகுதி வீடுகளை ஆராய்ந்தவர். பின்னர் 2019-இல் அவர் ஓர் ஆட்டோவின்மேல், ஆறடிக்கு ஆறடி அளவில், அதாவது 36 சதுர அடியில் ஒரு வீட்டை அமைத்தார். படுக்கை, சமையலிடம், குளியலிடம், கழிப்பறை, 250 லிட்டர் நீர்த்தொட்டி, 600 வாட் சூரிய மின்தகடு எல்லாம் அதனுள் அடங்கின. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். பழைய பொருள்களையே பெரிதும் பயன்படுத்தினார். தாராவியிலும் குர்லாவிலும் ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுதும் வாழ்வதை நாள்தோறும் காண்பவர்கள் நாம். சிறிய இடத்தைச் சிந்தித்து வகுக்கும் கலை நமக்கு வேடிக்கையன்று, தேவை.

ஆனால் அவர் செய்ததற்கும் நாம் செய்ய எண்ணுவதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவர் வீடு வண்டியின் மேல் அமர்ந்திருக்கிறது. நம் வீடு வண்டியின் பின்னே வருவது. பின்னே வரும் வண்டி பளுவாய் இருந்தால் முன்னே செல்லும் வண்டியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே நம் முயற்சியில் முதற் சொல்லும் முடிவான சொல்லும் ‘எடை’ என்பதே.

பழைய வண்டியின் பாடம்

திரைப்படங்களில் பெரும்பாலும் குதிரைகளே அந்த வண்டிகளை இழுக்கும். உண்மையில் மிகுதியாக இழுத்தவை மாடுகள். 1840-களிலும் 1850-களிலும் ஆரெகன் நாட்டை நோக்கி ஏறத்தாழ 2,000 மைல் சென்ற குடும்பங்களுக்கு மாட்டு வண்டியே துணை. அதற்கு முன் பென்சில்வேனியாவில் சரக்கு ஏற்றப் பயன்பட்ட ‘கோனெஸ்டோகா’ என்ற பெருவண்டி அந்நெடும் பயணத்திற்கு ஆகவில்லை. அதன் எடை மாடுகளைக் கொன்றுவிடும். எனவே மக்கள் நான்கடி அகலமும் பத்துப் பன்னிரண்டு அடி நீளமும் உள்ள சிறிய பண்ணை வண்டியை எடுத்து, அதன்மேல் மர விற்களை வளைத்து நட்டு, ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியை விரித்தனர். சுமையைக் குறைப்பதற்காகப் பெரியவர்கள் வண்டியில் ஏறாமல் பக்கத்திலேயே நடந்து சென்றனர் என்றால், எடையை அவர்கள் எவ்வளவு அஞ்சினர் என்பது விளங்கும்.

அதே மரபில் பின்னர் இருவகை வண்டிகள் தோன்றின. ஒன்று, 1866-இல் டெக்சாஸ் மாட்டு மந்தைக்காரர் சார்லஸ் குட்நைட் அமைத்த சமையல் வண்டி. அதன் பின்புறத்தில் ஒரு பெட்டி. பெட்டியின் கதவைக் கீழே மடக்கினால் அதுவே சமையல் மேசை. மற்றொன்று, வயோமிங் மாநிலத்து ஆட்டிடையர்களின் வீட்டு வண்டி. 1884-இல் ராலின்ஸ் என்ற ஊரில் ஜேம்ஸ் கேண்ட்லிஷ் என்ற கொல்லர் அதை முதன்முதலில் செய்தார் என்பர். நமக்கு நல்ல முன்மாதிரி இதுவே. இதன் கீழ்ப்பெட்டி சக்கரங்களுக்கு இடையே அடங்கும் அளவு குறுகியது. சக்கரத்தின் தலைக்கு மேலே அது இருபுறமும் திண்ணை போல் விரிகிறது. கீழே நடக்க இடம், பக்கங்களில் உட்காரத் திண்ணை, கடைசியில் குறுக்கே கட்டில். பத்தடி வண்டிக்குள் ஒரு முழு வீடு!

விற்கள்மேல் போர்த்திய இந்தக் கூண்டு நமக்குப் புதிதன்று. நம் ஊர்க் கூண்டு வண்டியில் மூங்கிலை வளைத்து அதன்மேல் பாயை வேய்ந்த தச்சரும் இதே உண்மையை அறிந்திருந்தார்: தட்டையான பலகை தன் கனத்தால் உறுதி பெறுகிறது, வளைந்த பொருளோ தன் வடிவத்தால் உறுதி பெறுகிறது. வடிவம் உறுதி தரும்போது கனம் வேண்டியதில்லை.

எடைக் கணக்கு

நாங்கள் முதலில் வரைந்த படத்தில் இந்த உண்மையை மறந்துவிட்டோம். பழைய தோற்றம் வேண்டும் என்ற ஆசையில் முக்கால் அங்குலத் தேக்குப் பலகைச் சுவர், பெரிய மரச் சக்கரங்கள், இரும்பு அடுப்பு எல்லாம் வரைந்தோம். படம் அழகாகவே இருந்தது. எடையைக் கூட்டியபோதோ 600 கிலோவைத் தாண்டிற்று! படத்தைக் கிழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினோம். இரண்டாம் படத்தின் கணக்கு வருமாறு.

அடித்தளம் எட்டடிக்கு நான்கடி. கடையில் விற்கும் ப்ளைவுட் பலகை ஒன்றின் அளவே இது. எனவே அறுப்பும் இல்லை, வீணும் இல்லை. 12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை ஏறத்தாழ 22 கிலோ இருக்கும். கீழ்ச்சுவரின் உயரம் 30 சென்டிமீட்டர். அங்கிருந்து இருபுறமும் 30 சென்டிமீட்டர் அகலத்தில் திண்ணை. அதற்குமேல் 40 சென்டிமீட்டர் மேற்சுவர். சுவர்களுக்கு 6 மில்லிமீட்டர்ப் பலகை போதும்; முன்பின் அடைப்புகளையும் சேர்த்து 35 கிலோ. மரச் சட்டங்கள் 25 கிலோ. மேலே அகலம் ஏறத்தாழ ஆறடி ஆவதால், கட்டிலைக் குறுக்கே போட்டு நம்மவர் காலை நீட்டிப் படுக்கலாம்.

கூண்டிற்கு ஐந்து விற்கள். நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய மரப்பட்டைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பசையிட்டு, தரையில் அரைவட்டமாக அறைந்த முளைகளுக்கு இடையே வளைத்து ஓர் இரவு விட்டால், காலையில் எடுக்கும்போது அந்த வளைவு நிலைத்திருக்கும். தனிப் பட்டை நாணல் போல் துவளும். மூன்றும் ஒட்டியபின் எளிதில் அசையாது. ஒரு வில் ஒரு கிலோவுக்கும் குறைவு. அதன்மேல் போர்த்தும் கித்தான் ஏழு சதுர மீட்டர், மூன்றரை கிலோ. கயிறும் வளையங்களும் சேர்ந்து கூரை முழுதும் 10 கிலோவில் முடிகிறது. அதே பரப்பைத் தகரத்தாலோ பலகையாலோ மூடினால் மூடியே 25 கிலோவுக்கு மேல் ஆகும். அந்தச் சுமையும் உச்சியில் ஏறிவிடும். உச்சியில் பளு உள்ள வண்டி வளைவுகளில் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கீழே இரும்புக் குழாய்ச் சட்டம் 50 கிலோ. அச்சு, வில்தகடு, இரு சக்கரங்கள் 70 கிலோ. இணைப்புக் கொக்கி, விளக்குகள், ஊன்றுகால் 15 கிலோ. கட்டில், பெட்டிகள், அடுப்பு 33 கிலோ. எல்லாம் கூட்டினால் 260 கிலோ. நம் மூட்டை 60 கிலோ, தண்ணீர் 40 லிட்டர் என்று சேர்த்தால் 360 கிலோ. தனக்கென்று பிரேக் இல்லாத இழுவை வண்டி, இழுக்கும் காரின் எடையில் பாதியைத் தாண்டலாகாது என்பது பொதுவான விதி. 800 கிலோ எடையுள்ள சிறு காருக்கு 400 கிலோவே எல்லை. 360 அதற்குள் அடங்குகிறது. இருந்தாலும் குறிப்பிட்ட கார் இழுப்பதற்கு ஏற்றதா, எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சில கார்கள் எதையும் இழுக்கக் கூடாதவை. மிக மெல்லிய பொருளாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருப்பதும் இதுவேயன்றோ?

அச்சும் சக்கரமும் வாங்கக் குர்லாவை விட வசதியான இடம் நமக்கு இல்லை. குர்லாவுக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100 கார்களையும், அவற்றின் வழிவந்த பத்மினியையும் செய்தது இங்கேதான். மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இங்குள்ள பழைய உறுப்புக் கடைகளில் சிறு கார் ஒன்றின் பின்னச்சு கிடைக்கும். வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். விபத்தில் சிக்கிய காரின் அச்சு வளைந்திருக்கலாம். நூல் பிடித்துப் பார்க்காமல் வாங்கலாகாது. ரசீது இல்லாப் பொருளையும் வாங்கலாகாது.

முன்பாரமும் பின்பாரமும்

எடையைக் குறைத்தால் மட்டும் போதாது; அதை எங்கே வைக்கிறோம் என்பதும் உயிர்நாடி. இதைச் சொல்லித்தர நம் ஊர் வண்டிக்காரரே போதும். மூட்டைகளை முன்னே மிகுதியாக அடுக்கினால் முன்பாரம். நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே அடுக்கினால் பின்பாரம். நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அதனால் அவர் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்துச் சிறிது முன்பாரமாகவே வண்டியைக் கட்டுவார்.

மோட்டாருக்குப் பின்னும் அதே விதிதான். பின்பாரத்தின் தண்டனை மட்டும் கொடியது. பின்பாரமான வண்டி, வேகத்தில் சிறிது விலகினாலும் ஊசல் போல ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாகி, கண்டாலா மலைப்பாதை போன்ற இறக்கத்தில் காரையே புரட்டிவிடலாம். இதைத் தவிர்க்க, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். நம் வண்டிக்கு அது 36 கிலோ. கொக்கியிலிருந்து அச்சு மூன்று மீட்டர் தொலைவில் இருந்தால், எடையின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே இருக்க வேண்டும். நெம்புகோல் கணக்கு இதைத் தருகிறது. ஆகையால் அச்சைப் பெட்டியின் நடுவில் வைக்காமல் சற்றுப் பின்னே தள்ளி வைக்கிறோம். தண்ணீர்ப் பாத்திரத்தை முன்னே வைக்கிறோம். சரிபார்க்க எளிய வழி உண்டு. ஆள் எடை பார்க்கும் சிறு தராசைக் கொக்கியின் கீழ் வைத்தால் அழுத்தம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும், மூட்டைகளை ஏற்றியபின், இதைச் செய்ய வேண்டும்.

தோற்றமும் வாழ்வும்

இனி அந்தப் பழைய மேற்குத் தோற்றம். மரச் சக்கரம் போல் வெட்டிய பலகையைக் கார்ச் சக்கரத்தில் ஒட்டுவது, பொய்யான இரும்புப் பட்டைகளை அறைவது முதலியன வேண்டா. அவை எடையைக் கூட்டும். சாலையில் கழன்று விழுந்து பிறரைக் கொல்லவும் கூடும். நம் நாட்டு மாட்டு வண்டியே டயருக்கு மாறி டயர் வண்டி ஆனபோது அதற்கு அழகு குறைந்துவிடவில்லை. வெண்கித்தான், விற்களின் வரிசை, திண்ணை விரிவு, முன்னே இரு பாதியாகத் திறக்கும் கதவு, எண்ணெய் பூசிய மர நிறம் ஆகிய இவையே தோற்றம் தருவன. இவற்றில் ஒன்றும் ஒட்டவைத்த அலங்காரம் அன்று. ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது.

அடுப்பைக் கூண்டிற்குள் மூட்டலாகாது. துணி பற்றிக்கொள்ளும், மூடிய இடத்தில் எரியும் தீ, மணமில்லா நச்சுக்காற்றை உண்டாக்கி உறங்குபவரைக் கொல்லும். குட்நைட் காட்டிய வழியே சிறந்தது. கட்டிலின் கீழ்ப் பின்புறமாகத் திறக்கும் சமையல் பெட்டி; மடக்கினால் மேசை; சமையல் வெட்டவெளியில். கூண்டின் இரு முனைகளிலும் உச்சியில் காற்றுவழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

மும்பை மழையையும் மறத்தலாகாது. 26-7-2005 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மிட்டி ஆற்று வெள்ளத்தில் குர்லாவும் மூழ்கியதை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திலர். வெறும் பருத்தித் துணி இம்மழையில் பூஞ்சை பிடிக்கும். நீர்புகாப் பூச்சுள்ள கித்தானை வாங்கி, மழைக்காலத்தில் கழற்றிக் காயவைத்து மடித்துவிடுதல் நல்லது. வண்டி ஓடும்போது கித்தான் சிறிதும் படபடக்கலாகாது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். தளர்ந்த துணி அதில் கிழியும்.

கடைசியாகச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இழுவை வண்டியையும் மோட்டார் வாகனம் என்றே கொள்கிறது. பதிவின்றிச் சாலையில் ஏற்றலாகாது. எனவே இரும்பு வாங்கும் முன்பே, படத்தையும் எடைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்திற்குச் சென்று கேட்டுவிட வேண்டும். ‘இப்படி ஆகாது’ என்று சொன்னால் படத்தைத் திருத்தலாம். செய்து முடித்த வண்டியைத் திருத்துதல் எளிதன்று.

எங்கள் வண்டி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஒரு வில் மட்டும் பிறந்துவிட்டது. விடுதி அறையின் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பார்க்க வருபவர்களில் சிலர் நகைக்கின்றனர். சிலர் தொட்டு அழுத்திப் பார்த்து, ‘இவ்வளவு மெல்லியதா இப்படித் தாங்குகிறது!’ என்று வியக்கின்றனர். வியந்தவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: இன்னும் நான்கு விற்கள் வேண்டும், கை கொடுக்க வாருங்கள்.