மாரத்தானுக்கு முந்தைய ஏழு நாட்கள்

மார்கழிப் பனி விலகாத விடியற்காலையில், நெய்வேலி நகரியத்தின் மரங்கள் அடர்ந்த சாலைகளிலும் வடலூர்ப் பக்கத்துச் சாலைகளிலும் ஓடிப் பழகுவோரைக் காண்கிறோம். ஜனவரி முற்பகுதியில் நடைபெறும் சென்னை மாரத்தானை மனத்தில் கொண்டு பயில்பவர்கள் அவர்களுள் உண்டு. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உட்கொள்வோரும் உண்டு. சென்னை மாநகராட்சியின் முன்னாள் மேயரும், 2021 மே மாதம் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவருமான மா. சுப்பிரமணியன், தமக்கு நீரிழிவு இருப்பதை வெளிப்படையாகக் கூறியவர். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தவர். நோய் இருப்பதாலேயே ஓட்டம் விலக்கப்பட்டதன்று. ஆனால் நோயுள்ளவர் பிறரைவிடக் கூடுதலான ஆயத்தத்துடன் ஓட வேண்டும். அந்த ஆயத்தத்தில் கடைசி வாரமே பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

இக்கட்டுரை பல மாதங்கள் முறையாகப் பயின்று, மருத்துவரின் ஒப்புதலும் பெற்றவர்களுக்கானது. மாரடைப்பு வந்தவர்கள், நடக்கையில் நெஞ்சுவலியோ மயக்கமோ உணர்பவர்கள், இளவயதிலேயே திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்தினர் ஆகியோர் பயிற்சியைத் தொடங்கும் முன்பே இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதைக் கடைசி வாரத்திற்கு ஒத்திவைக்கலாகாது.

வலிமை ஓய்வில் சேர்கிறது

முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். இறுதி ஏழு நாட்களில் எவ்வளவு ஓடினாலும் அந்தத் தூரத்திற்கான புதிய ஆற்றல் உடலில் சேர்வதில்லை. பயிற்சியின் பயன் உடலில் தங்க ஒரு வாரத்திற்கும் மேலாகும். மாறாக, நீண்ட ஓட்டங்களால் தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய காயங்கள் ஆறுவதும், தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்துச் சேமிப்பு நிரம்புவதும் இந்த நாட்களில்தான். ஆகவே ஓடும் தூரத்தை வழக்கத்தில் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ள வேண்டும்.

போட்டி ஞாயிறன்று எனக் கொள்வோம். திங்களன்று ஓய்வு. செவ்வாயன்று 6 முதல் 8 கிலோமீட்டர் மெதுவான ஓட்டம். புதனன்று 5 கிலோமீட்டர். அதில் சில நிமிடங்கள் மட்டும் போட்டியன்று ஓடும் வேகம். வியாழனன்று ஓய்வு அல்லது சிறு நடை. வெள்ளியன்று 4 கிலோமீட்டர். சனியன்று முழு ஓய்வு, அல்லது இருபது நிமிட மென்னடை. விட்டுப்போன பயிற்சியை ஈடுசெய்ய எண்ணுவதும், புதிய காலணியை அணிந்து பார்ப்பதும் இந்த வாரத்திற்கு ஆகா.

சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் முறையில் பணிபுரிவோருக்குத் தூக்கமே முதல் மருந்து. இயன்றால் இந்த வாரத்தில் இரவு ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தைய இரவு பரபரப்பில் உறக்கம் வராமற் போகலாம். அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாக உறங்கியிருந்தால் கவலை வேண்டா.

உணவும் நீரும்

கடைசி இரண்டு மூன்று நாட்களில் சோறு, இட்லி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் ஆகியவற்றைச் சற்றுக் கூட்டி, எண்ணெயையும் நார்ச்சத்தையும் குறைப்பது வழக்கம். கிளைக்கோஜன் நீருடன் சேர்ந்தே சேமிக்கப்படுவதால் எடை ஒரு கிலோ அளவு கூடக்கூடும். அது கொழுப்பன்று.

நீரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு ஆகியன இதன் அடையாளங்கள். தாகத்திற்கு ஏற்பக் குடிப்பதே போதுமானது.

மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்போர், மேற்கூறிய மாவுச்சத்து உணவு முறையைத் தாமாகப் பின்பற்றலாகாது. மருந்தின் அளவை மருத்துவர் வகுத்துத் தர வேண்டும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்வோருக்கு, நெடுநேர உழைப்பும் நீரிழப்பும் சேரும்போது இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் அபாயம் உண்டு. எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஓடத் தொடங்கும் முன் சர்க்கரை 90 மி.கி.க்குக் கீழிருந்தால் முதலில் உண்ண வேண்டும்; 250ஐத் தாண்டினால் கீட்டோன் பார்க்காமல் ஓடலாகாது. இன்சுலின் எடுப்போர் குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள் நீரிழப்பை மிகுவிக்கும். பீட்டா தடுப்பு மாத்திரைகள் நாடித் துடிப்பை அடக்கிவைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தை முடிவு செய்ய இயலாது. இவற்றை எவரும் தாமாக நிறுத்தலாகாது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை முன்னெச்சரிக்கையாக விழுங்கிவிட்டு ஓடுவது சிறுநீரகத்திற்குக் கேடு. மாத்திரை இல்லாமல் தாங்க முடியாத வலி இருப்பின், அந்த மூட்டு ஓட்டத்திற்கு ஆயத்தமாகவில்லை என்பதே பொருள்.

காய்ச்சல், உடல்வலி, மார்புச்சளி இவற்றுள் ஒன்று இருந்தாலும் ஓட வேண்டா. வைரஸ் தொற்று சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அந்நிலையில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தடுமாறிவிடக்கூடும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது. அவர்களுள் 42 பேர் உயிரிழந்தனர். மிக அரிய நிகழ்வுதான். எனினும், உயிர் பிழைத்தவர்களுக்குப் பெருந்துணையாக இருந்தது அருகிலிருந்தோர் உடனே செய்த மார்பு அழுத்தம். எவரேனும் சுருண்டு விழுந்து, அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால் 108ஐ அழைக்கச் செய்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்த வேண்டும். வீட்டில் ஒருவராவது இதைக் கற்றுவைத்திருத்தல் நலம்.

பெயர், நோய், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய சீட்டை ஓடுபவரின் சட்டைப்பையில் வையுங்கள். இருளில் பயில்வோருக்கு ஒளியை எதிரொளிக்கும் மேலாடை வாங்கிக் கொடுங்கள். லாரிகள் செல்லும் சாலையில் பனி மூடியிருக்கையில் அது உயிர்காக்கும்.

யாவற்றிற்கும் மேலாக, "இம்முறை வேண்டாம்" என்று ஓடுபவர் முடிவெடுத்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள். கட்டிய கட்டணமும், அலுவலகத்தில் சொல்லிவைத்த பெருமையும், எடுத்துவைத்த பயணச்சீட்டும் சேர்ந்து காய்ச்சலோடு ஒருவரைத் தொடக்கக் கோட்டில் நிறுத்திவிடும். அங்கிருந்து அவரைத் திரும்ப அழைத்துவரக் குடும்பத்தாரின் ஒரு சொல் போதும். மாரத்தான் அடுத்த ஆண்டும் நடைபெறும்.