இதயத் தசை அழற்சியும் ஒரு பழைய மருந்தும்

சளிக்காய்ச்சல் வந்துபோன சில நாட்களில் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு நெஞ்சு வலிக்கிறது. மாரடைப்போ என்று பதறி ஓடினால், ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை என்கிறார் டாக்டர். இதயத் தசையில் அழற்சி. மயோகார்டைடிஸ் என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் வைரஸ் கிருமியால் தொடங்குவது. கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவல்படை, இதயத் தசையையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது.

அழற்சிதானே, அதை அடக்க மருந்துதான் இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயம் வலுவிழந்த 111 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஸ்டீராய்டும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 வாரம் கழித்துப் பார்த்தால், இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் மொத்தத்தில் 25 சதவீதத்திலிருந்து 34 சதவீதமாக ஏறியிருந்தது. ஆனால் இரு பிரிவுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! இரண்டாம் பிரிவு என்று ஒன்று இல்லாதிருந்தால், புகழ் முழுவதும் ஸ்டீராய்டுக்கே போயிருக்கும். ஊரிலிருந்து போனில் வைத்தியம் சொல்லும் நம் உறவினர்களுக்கு இந்த இரண்டாம் பிரிவு கிடையாது. ரயில்வேயில் புது பிரேக் கட்டை வந்தால், பழைய கட்டை போட்ட வண்டியையும் அதே பாதையில் ஓட்டிப் பார்த்தால்தான் எங்களுக்குத் திருப்தி.

அண்மையில் பிரான்சில் சோதித்தது அனகின்ரா என்ற ஊசி மருந்தை. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் 2001-இலேயே அனுமதி பெற்றது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 என்ற புரதத்தைத் தடுப்பது. அராமிஸ் என்ற அந்த ஆய்வில் 120 நோயாளிகள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. 2023 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் முடிவைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வந்து 28 நாள் ஆகும்வரை, சிக்கலின்றிக் கழிந்த நாட்கள் மருந்து பெற்றவர்களுக்கு 30, பெறாதவர்களுக்கு 31. மருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் பலனும் தெரியவில்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதே. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் லேசான நோயாளிகள், தாமாகவே தேறக்கூடியவர்கள். இதயமே தளர்ந்து உயிருக்குப் போராடுபவர்களுக்கு இந்த ஊசி உதவுமா என்பதற்கு இதில் விடை இல்லை. அத்தகையவர்களைத் திரட்டுவதும் எளிதல்ல.

இதற்காக ஸ்டீராய்டே வீண் என்று எண்ணிவிடக் கூடாது. ராட்சத செல் வகை என்ற அரிய, கொடிய அழற்சியில் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள்தாம் கைகொடுக்கின்றன. அந்த வகையா என்பதை, இதயத்திலிருந்து சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தே உறுதி செய்கிறார்கள்.