மாட்டுக் கொட்டில் கட்டுமுன்

வளவின் பின்புறத்தில் கொட்டில் போடுதற்கு அனுமதி எதற்கு எனக் கமக்காரர் பலர் எண்ணுவர். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அமுலிலுள்ள எல்லைக்குள், கூரையிட்ட கொட்டிலும் கட்டடமேயாகும். ஆகவே வரைபடத்தைப் பிரதேச சபையிலோ நகர சபையிலோ ஒப்படைத்து, எழுத்துமூல அங்கீகாரம் பெற்ற பின்னரே அத்திவாரம் வெட்டுக. தவறின், நீதவானின் கட்டளையால் அது இடிக்கப்படலாம். கடன்பட்டுக் கட்டியவருக்குக் கடனே எஞ்சும்.

வரைபடத்திற் கிணற்றையும் குறித்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் மிகுதி. மாட்டுச் சலம் எளிதிற் கீழிறங்கிக் கிணற்று நீருடன் கலக்கும். நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு விளைக்கும். எனவே கிணற்றுக்கும் கொட்டிலுக்கும் இடையிலுள்ள தூரத்தை உத்தியோகத்தர் அளப்பதை இடையூறெனக் கொள்ளற்க. தளத்திற்குச் சீமெந்து இட்டு, சலத்தை வாய்க்கால்வழியே சீமெந்து பூசிய குழிக்கு விடுக. தோட்டத்துக்கு அது நல்ல பசளை.