அஞ்சிய குதிரையை அன்பாய் ஏற்றுவது எப்படி?



சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் சிராங்கூன் ரோட்டைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, பூக்கடைகள் எல்லாம் அங்கேதான். அந்த வட்டாரத்துத் தெருப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்று பஃபலோ ரோடு, அதாவது எருமைத் தெரு. பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. மலாய் மொழியில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். அருகில் ரேஸ் கோர்ஸ் ரோடு, குதிரைப் பந்தயத் திடலின் பெயரைத் தாங்கிய தெரு. ஒரு காலத்தில் கால்நடைகள் நிறைந்திருந்த இடம் அது என்பதை இந்தப் பெயர்களே நமக்குச் சொல்லுகின்றன.

சிங்கப்பூரில் 1842-ல் பந்தயச் சங்கம் ஏற்பட்டது. 1843-ல் ஃபேரர் பார்க் பகுதியில் முதல் பந்தயம் நடந்தது. 1933-ல் திடல் புக்கித் தீமாவுக்கு மாறியது. 1999-ல் கிராஞ்சிக்குப் போயிற்று. 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. நிலம் வீடுகள் முதலிய தேவைகளுக்காக அரசாங்கத்திடம் திரும்பவேண்டும் என்ற அறிவிப்பு 2023 ஜூனில் வந்தபோது, கிராஞ்சி லாயங்களில் ஏறத்தாழ 700 குதிரைகள் இருந்தன. அத்தனைக்கும் வேறு இடம் தேடவேண்டிய நிலை. மலேசியாவுக்குப் போகும் குதிரை பாலத்தைத் தாண்டவேண்டும். தூர தேசம் போவது விமானம் ஏறவேண்டும். எங்கே போனாலும் முதற்படி ஒன்றுதான்: குதிரை தன் காலால் ஒரு பெட்டிக்குள் ஏறவேண்டும்.

பந்தயக் குதிரைக்கு லாரி பழக்கமானது. ஆனால் உலகில் எல்லாக் குதிரைகளும் அப்படி வளர்ந்தவை அல்ல. ஊட்டி வீதிகளில் சொந்தக்காரர் கைவிட்ட குதிரைகள் திரிவதைப் பற்றிச் செய்திகள் வந்ததுண்டு. அடியும் பட்டினியும் கண்ட குதிரை, மனிதர் கையே படாத குதிரை, இவற்றைக் காப்பாற்ற வருபவர் முதலில் அதைப் பிடிக்கவேண்டும், பிறகு வண்டியில் ஏற்றவேண்டும். அதை எப்படிச் செய்வது?

"நாலு ஆள் சேர்ந்து இழுத்தால் ஏறாதா?" என்று கேட்கலாம். வளர்ந்த குதிரை ஒன்று 450 முதல் 500 கிலோ எடை இருக்கும். பலத்தில் நாம் அதை வெல்ல முடியாது. மேலும், ஆட்டைக் கயிற்றால் இழுத்துப் பாருங்கள். அது காலை ஊன்றிக்கொண்டு பின்னுக்குத்தானே இழுக்கிறது? குதிரையும் அப்படியே. ஏறாத குதிரையைப் பிடிவாதம் பிடிக்கிறது என்கிறோம். உண்மையில் அது பயப்படுகிறது.

ஏன் பயம்? குதிரை புல் தின்னும் பிராணி. புலி, ஓநாய்க்கு இரையான இனம். ஓடிப் பிழைப்பதே அதன் வழி. கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாத இடம் உண்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் அதன் கண் பழக நம்மைவிட நேரம் பிடிக்கும். இப்போது டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருட்டு, மிதித்தால் பலகை 'டொம்' என்று சத்தமிடுகிறது, திரும்பி ஓட இடமில்லை. பயப்படாமல் என்ன செய்யும்?

முதலில் பிடிப்பதைப் பார்ப்போம். பெரிய திடலில் துரத்தவே கூடாது. துரத்தினால் "மனிதன் வந்தால் ஓடவேண்டும்" என்பதைத்தான் அது கற்கும். தீனியும் தண்ணீரும் வைத்துச் சிறிய அடைப்புக்குள் தானாக வரச் செய்யவேண்டும். நேருக்கு நேராகவோ பின்பக்கமாகவோ போகாமல், தோள்பக்கமாக, வளைந்து மெதுவாக நடக்கவேண்டும். கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. குதிரை தலையைத் தூக்கி விறைத்தால் நின்றுவிடுங்கள். அது அமைதியாகி நம்மைப் பார்த்தால் ஓரடி பின்வாங்குங்கள்.

பின்வாங்குவது எதற்கு? அதுதான் அதற்குக் கூலி. நாம் காலையில் வேலை செய்து, கூலியை அடுத்த வருடம் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்வோமா? குதிரைக்கும் கூலி உடனே வேண்டும். அது அமைதியாக நின்ற கணமே நம் நெருக்கம் விலகவேண்டும். நெருக்குதல் பாடம் சொல்லாது. விடுவதுதான் பாடம் சொல்லும். இப்படிப் பலமுறை செய்தபின் தோளைத் தடவலாம். பிறகு கழுத்தில் கயிறு. அதன் பின்னரே தலைக்கயிறு. முரட்டுக் குதிரைக்கு இதற்கே பல நாட்கள் ஆகலாம்.

இனி ஏற்றுவது. வண்டியைச் சமதரையில், ஒரு பக்கம் வேலியை ஒட்டி நிறுத்துங்கள். கதவுகளையெல்லாம் திறந்து உள்ளே வெளிச்சம் வரச் செய்யுங்கள். சரிவுப் பலகையில் வைக்கோல் பரப்பினால் சத்தம் குறையும், காலும் வழுக்காது. வெயில் ஏறுமுன் தொடங்குவது நல்லது. பழகிய குதிரை ஒன்று முன்னே ஏறினால் மற்றதற்குத் தைரியம் வரும். முன்னால் ஓரடி வைத்தால் உடனே கயிற்றைத் தளர்த்துங்கள். பின்வாங்க விரும்பினால் வாங்கட்டும், மீண்டும் அழையுங்கள். ஒரு கால், இரண்டு கால், பிறகு நான்கு கால். உள்ளே போனதும் கதவைப் படாரென்று சாத்தாதீர்கள். உள்ளே தின்றுவிட்டு இறங்கி வரப் பலமுறை விடுங்கள்.

புறப்படும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் பின்கம்பியைப் போடவேண்டும், அப்புறமே தலையைக் கட்டவேண்டும். இறக்கும்போது தலையை அவிழ்த்த பிறகுதான் பின்கம்பியைத் திறக்கவேண்டும். மாற்றிச் செய்தால், தலை கட்டுண்டிருக்கப் பின்னால் வழி திறந்திருப்பதை உணர்ந்து குதிரை திமிறும்; கழுத்து காயப்படும், ஆளும் அடிபடுவார். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். சரிவுப் பலகைக்கு நேர் பின்னால் யாரும் நிற்கலாகாது. பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள்.

நம்மில் பலர் குதிரை வைத்திருக்கவில்லை. ஆனால் மாடும் ஆடும் வளர்ப்பவர் உண்டு. சந்தைக்கோ மருத்துவரிடமோ கொண்டுபோகும்போது வாலை முறுக்கி, பிரம்பால் அடித்து லாரியில் ஏற்றுவதைப் பார்க்கிறோம். இன்று அடித்து ஏற்றினால் வேலை முடியும். நாளை அந்த மாடு லாரியைக் கண்டாலே வெறிக்கும். அதற்கு நோய் கண்ட நாளில், உயிர் காக்க ஏற்றவேண்டிய நேரத்தில், அருகில் நெருங்கவும் விடாது. கன்றாக இருக்கும்போதே தினம் ஐந்து நிமிடம் கயிற்றோடு நடக்கப் பழக்குங்கள். அது இணங்கிய கணமே கயிற்றைத் தளர்த்துங்கள். அந்த ஐந்து நிமிடப் பொறுமை, அவசரநாளில் ஒரு பிராணியின் உயிரையும் உங்கள் கைகால்களையும் காக்கும்.